சேராத ஆறு கோடுகள்

ஆறு கோடுகளில் மூன்று ஓரிடத்தில் சேர்ந்தன. மற்ற மூன்று வேறோர் இடத்தில் சேர்ந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்கு வெறும் இருட்டு.

அப்படி நடக்கக் கூடாது. ரத்தத் துளிக்குச் சாமர்த்தியம் கிடையாது. நேராக விழுந்தால் வட்டமாகப் பதியும், சாய்ந்து மோதினால் நீண்டு பதியும். சாய்வு கூடக்கூட நீளமும் கூடும். சுவரோரம் நின்று ஈரக் கையை உதறிப் பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும். கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்துக் கணக்கிட்டால் அது வந்த கோணம் கிடைக்கும். வால் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் துளி புறப்பட்ட இடம். ஒவ்வொரு கறையிலிருந்தும் அந்தக் கோணத்தில் ஒரு கோட்டைத் திருப்பி அனுப்பினால், எல்லாம் அடி விழுந்த இடத்தில் வந்து கூடும். முன்பெல்லாம் அவள் இதற்கு நூல் கட்டுவாள். தடயவியல் ஆய்வகத்தில் அவளை நூல்கண்டு என்பார்கள். இப்போது கறைக்குப் பக்கத்தில் விரல் நீள லேசர் விளக்கை ஒட்டிவைக்கிறாள். பெயர் மட்டும் மாறவில்லை.

இடப்பக்கத்துக் காரைச் சுவரில் மூன்று விளக்குகள். அதை அடுத்த பின்சுவரில், தரையிலிருந்து கூரைவரை பதித்திருந்த மரப்பலகைகளில் ஒன்றின்மேல் மூன்று. சிவப்புக் கோடுகள் தெரிவதற்காக ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிக் காற்றில் பவுடரைத் தூவியிருந்தாள். வெளியே நல்ல மத்தியானம். உள்ளே அவளே உண்டாக்கிய இருட்டு. கதவு தானாகத் திறந்து வெளிச்சம் விட்டது. உள்தாழ்ப்பாளை ரேகை எடுக்கக் கழற்றிப் போயிருந்தார்கள். அதனால், வெளித்தாழைப் போடச் சொல்லி வாசல் காவலரிடம் அவளே கேட்டுக்கொண்டாள்.

வழக்கே அந்தத் தாழில்தான் நிற்கிறது. நேற்றுக் காலை அக்காவின் அலறல் கேட்டு ஓடிவந்த தம்பி, அறைக்குள் முதுகு காட்டி நின்ற ஓர் ஆளைப் பார்த்தானாம். கதவை இழுத்துத் தாழிட்டுவிட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டானாம். ஊர் கூடித் திறந்தபோது அக்காவின் உடல் மட்டும் கிடந்தது. ஜன்னலில் கம்பி. வேறு வழியில்லை. அப்போதிலிருந்து வீட்டைச் சுற்றிக் காவல், தம்பி லாக்கப்பில். அவன் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதவள் இவள் ஒருத்திதான். இவளும் கைவிட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

"என்ன மேடம், நூல் சிக்கிக்கிச்சா?" கதவுக்கு வெளியிலிருந்து காவலர்.

"சேர மாட்டேங்குதுண்ணே. ஒரு அம்மாவுக்கு ரெண்டு தலை இருந்த மாதிரி காட்டுது."

"அந்தப் பய ரெண்டு இடத்துல வச்சு அடிச்சிருப்பான்."

"அவங்க உக்காந்த இடத்த விட்டு நகரவே இல்லன்னு டாக்டர் சொல்லியாச்சே."

"அப்ப உங்க கணக்குதான் நகந்திருக்கு. முக்குல போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். பேய் கீய் வந்தா உக்கார வைங்க, நானும் பாக்கணும்."

"எனக்கும் வாங்கிட்டு வாங்க. சக்கரை கம்மியா."

அவருடைய செருப்புச் சத்தம் நடை முழுதும் நடந்து, படியிறங்கி, தேய்ந்து போனது. துருவும் மரமெழுகும் கலந்த வாசனை முகக்கவசத்துக்குள்ளேயும் புகுந்து நாக்கில் கசக்க, அவள் பலகைமேல் இருந்த கறைகளை மறுபடி அளந்தாள். அகலம் அதேதான். நீளமும் அதேதான். ஓரம் கலையாத சுத்தமான கறைகள். ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை.

அப்போதுதான் பவுடரைக் கவனித்தாள். அறை முழுக்க அது அசையாமல் மிதக்க, இரண்டு பலகைகள் சேரும் இடுக்கின் பக்கம் மட்டும் மெல்ல உள்ளே இழுபட்டது. கொஞ்சம் நின்றது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே.

காற்றோட்டம், என்று நினைத்தாள். காற்றோட்டம் ஒரே பக்கமாக அல்லவா போகும்? இது போய்ப்போய்த் திரும்புகிறது. சாவகாசமாக. தூங்குகிற ஒருவரின் மார்பு போல.

பின்னால் நகர்ந்தாள். கதவை முதுகால் தள்ளினாள். தாழ் இறுகக் கிடந்தது.

"அண்ணே."

முழங்கையால் கதவை இடித்தாள்.

பலகைமேலிருந்த கோடுகளில் ஒன்று அசைந்தது. விளக்கின் பிடி நழுவியிருக்கும். பிடி நழுவினால் ஒரு கோடு கீழே சரியும். இது சரியவில்லை. பக்கவாட்டில் போனது. கூடவே இரண்டாவது. கூடவே மூன்றாவது. மூன்றும் ஒரே வேகத்தில், ஒரே பக்கமாக, காரைச் சுவரை நோக்கி. மூன்று பிடிகள் ஒன்றாக நழுவாது. மூன்றும் ஒட்டியிருக்கும் ஏதோ ஒன்றுதான் திரும்பவேண்டும்.

துளியை முடியளவு பிசகாமல் அளப்பவள், துளி ஒட்டியிருந்த சுவரை ஒருநாளும் தொட்டுத் தள்ளிப் பார்த்ததில்லை. சுவர் நகராது. அவளுடைய எல்லாக் கணக்கும் அங்கேதான் தொடங்கும்.

"அண்ணே... கதவத் தொறங்க."

இரண்டு சேரிடங்களுக்கும் நடுவே இருந்த கை நீளம் சாண் ஆனது. சாண் விரற்கடை ஆனது. சத்தமே இல்லை. கீல் எண்ணெய் கண்டிருக்கிறது.

ஆறு கோடுகளும் ஒரு புள்ளியில் சேர்ந்தன. உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலை உயரத்தில்.

அங்கேயே நின்றன. ஒரு மயிரிழை முன்னே போகவில்லை, பின்னே வரவில்லை. நேற்றுக் காலை எவ்வளவு திறந்திருந்ததோ, அவ்வளவே திறந்து நின்றது பலகை. இடுக்கின் ஓரத்தை உள்ளிருந்து நான்கு விரல்கள் பிடித்திருந்தன.

கணக்கு சரியாக வந்துவிட்டது. அடி விழுந்தபோது பலகை திறந்திருந்தது. வெளியிலிருந்து தள்ளிச் சாத்தியிருந்தால் ஈரக் கறைகள் தேய்ந்திருக்கும். ஆகவே உள்ளே போய் இழுத்துச் சாத்தியிருக்கிறார்கள். தம்பி பொய் சொல்லவில்லை. அந்த ஆள் இந்த அறையை விட்டுப் போகவே இல்லை.