கட்டிலுக்கு எதிர்ச் சுவர்

ஜொகூரில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்க வேலு போனபோது, மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் பரவிய காலம் ஓய்ந்ததும் அந்த வார்டைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். பெரிய டாக்டர் பார்வையிட வருகிறார், சுவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் டிரசர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி ஆயா அங்கம்மா கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வராமல் வாசலோடு திரும்பிப் போனாள்.

உள்ளே காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தின் கசப்பு வாடை இன்னும் போகவில்லை. தூரத்து மூலையில் ஒரே ஒரு இரும்புக் கட்டில்.

அதில்தான் வேலுவின் மனைவி ராசம்மா போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு கிடந்து செத்தாள்.

அந்தப் பக்கம் பார்க்காமல் சுண்ணாம்பைக் கரைத்தான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்ட வருவதற்கு முன் அவன் நாடகக் கம்பெனியில் திரைச்சீலைகளில் படம் எழுதியவன். ஜொகூருக்கு வந்த இடத்தில் கம்பெனி கலைந்துபோனது. தோட்டத்தில் சேர்ந்தான், ராசம்மாவைக் கட்டியதும் இங்கேதான். அவன் படம் எழுதுவான் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் சுவர் காய்ந்து, இன்னும் எழுதாத திரைபோல வெள்ளையாக நின்றது. சுண்ணாம்பில் கலக்க வைத்திருந்த நீலம் இருந்தது. சன்னல் கதவுக்கு வாங்கிய பச்சையும் இருந்தது. ஒரு கோடு மட்டும் இழுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தான். கோடு ஆற்றங்கரையானது. கரையில் வாழை எழுந்தது. மறந்துபோனது என்று நினைத்த வளைவெல்லாம் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. தண்ணீரில் ஒரு படகு சரியாக வந்து உட்கார்ந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

சிரித்த பிறகுதான் எங்கே நின்று சிரிக்கிறோம் என்று உறைத்தது. காது மடல் சுட்டது.

வாசலில் அங்கம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள யாருண்ணே?"

"நான் மட்டுந்தான்."

"பொம்பள சிரிச்சாளே, உங்க கூட. ராசம்மா போயி ஒரு வருசங்கூட ஆகல."

அவள் எட்டிப் பார்த்தாள். ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. அவள் முகத்திலிருந்த கோபம் வடிந்து, பயம் வந்தது. விறுவிறுவென்று போய்விட்டாள்.

வேலுவால் நிமிர முடியவில்லை. மனைவி செத்த இடத்தில் நின்று சந்தோஷப்பட்டவன் என்று தன்னையே நொந்துகொண்டான். மீதியிருந்த சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து ஆறு, வாழை, படகு எல்லாவற்றையும் மூடினான். அங்கம்மா வந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் அவளே திறந்தாள்.

கட்டில் மூலையில் இல்லை.

சிமெண்டுத் தரையில் அதை இழுத்த கீறல்கள். இப்போது அது படம் இருந்த சுவருக்கு எதிரே, மிக அருகில் கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரம்வரை சுண்ணாம்பு சுரண்டப்பட்டிருந்தது. படகும் தண்ணீரும் தெரிந்தன. கட்டில் முழுக்கச் சுண்ணாம்புத் தூள்.

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு," என்று முணுமுணுத்துக்கொண்டே அங்கம்மா பின்வாங்கி நடந்தாள்.

வேலுவும் போயிருக்கலாம். ஆனால் ராசம்மா பார்த்துக்கொண்டிருந்ததை அழித்துவிட்டோமே என்ற வெட்கம், நேற்றைய வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நீலத்தைத் தொட்டு மிச்ச ஆற்றை எழுதத் தொடங்கினான். நேற்றைய சந்தோஷம், கூச்சத்தோடு சேர்ந்தே, மெல்லத் திரும்பியது.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

கொயினா வாடை கழுத்துவரை வந்தது.

அவன் திரும்பவில்லை.

"ஏங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க. மறைக்குது."

வேலு தள்ளி நின்றான். சன்னல் வெயிலில் படகின்மேல் விழுந்திருந்த அவன் நிழல் அவனோடு விலகியது. அதனடியில் இன்னொரு நிழல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.