கண்ணை எரிக்காத வெங்காயம்

எங்கள் அப்பாவுக்கு வெங்காயத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமே இல்லை. அதனால்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது.

அப்பாவின் பெயர் சோமசேகரம். திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது நிலாவெளியில், சின்ன வெங்காயம் பயிரிடுகிற வீட்டில். இப்போதும் லீவு கிடைத்தால் பெரியப்பாவின் தோட்டத்துக்கு ஓடிவிடுவார். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு வெங்காயம் இருக்கும். இலைத்தாளோடு உள்ளதைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அம்மா சமைக்கிற குசினிக் கூரையில் தொங்கவிடுவார். உதிரி வெங்காயமெல்லாம் குசினி மூலையில் இருக்கும் பனையோலைக் கடகத்துக்குள் போகும்.

இனி, இந்தக் கூத்தில் மாட்டிய புள்ளிச்செடிக்கு வருகிறேன்.

பள்ளிக்கூட லீவு தொடங்கிய அன்று, பக்கத்து வீட்டு ஸல்ஹா ஒரு பூச்சட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள்.

"கஜந்தினி, நாங்க புல்மோட்டைக்கு மாமா வீட்ட போறம். ஒரு மாசம். இதைப் பார்த்துக்கொள்ளுவியா?"

சட்டிக்குள் ஒரு குட்டிச் செடி. இலைகள் வெள்ளிப் பூச்சுப் பூசினது போல் இருந்தன. அதன்மேல் கரும்பச்சைப் புள்ளிகள். அடியில் ஊதா நிறக் குமிழ்கள் பாதி மண்ணுக்கு வெளியே குந்திக்கொண்டிருந்தன.

"அட, வெங்காயம் மாதிரி இருக்கே!" என்றேன்.

"சும்மா இரு. அதுக்குக் கேட்டாக் கோவம் வரும்," என்றாள் ஸல்ஹா. "மூண்டு வருஷத்துக்கு முன்னம் ஒரே ஒரு குமிழ்தான் நட்டனான். இப்ப ஏழு. எண்ணிப் பார்."

எண்ணினேன். ஏழுதான்.

"தண்ணி எவ்வளவு விட வேணும்?"

"கொஞ்சமா விடு."

"கொஞ்சம் எண்டா?"

அதற்குள் அவளுடைய வாப்பா ஓட்டோவில் இருந்து ஹோர்ன் அடித்தார். ஸல்ஹா ஓடிவிட்டாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

யாருடைய கையும் படக்கூடாது என்று சட்டியை என் அறை அலுமாரியின் மேல் வைத்தேன். காலையில் அரைக் கிளாஸ் தண்ணீர் விட்டேன். பாவம், தாகமாக இருக்குமே என்று பின்னேரமும் அரைக் கிளாஸ் விட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு புது இலை வந்தது. அதில் ஒரு புள்ளியைக்கூடக் காணவில்லை!

புள்ளி எங்கே போனது? அண்ணா தர்மிகனிடம் கேட்டேன்.

"அதுவும் லீவில போயிட்டுதாக்கும்," என்றான். அவனிடம் கேட்டதே என் பிழை.

கொப்பியை எடுத்து ஒவ்வோர் இலையாக வரைந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்த இலைகளில் புள்ளிகள் கரும்பச்சையாக இருந்தன. சுவர்ப் பக்கம் இருந்தவற்றில் மங்கிப்போயிருந்தன. இது ஏன் இப்படி? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

எட்டாம் நாள் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்து விழுந்தன. அந்தக் கவலையோடுதான் ரியூசனுக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், அலுமாரியின் மேல் வெறும் சட்டி!

"அம்மா! செடி எங்க?"

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. ஆனால் அது எனக்குச் சொன்ன பதில் இல்லை.

"இஞ்சேருங்கோ, இது என்ன வெங்காயம்? மற்றதெல்லாம் எரிஞ்சுது, இதை வெட்டக் கண்ணே எரியேல்லையே!"

அப்பா பெருமையாகச் சிரித்தார். "அது எங்கட பிள்ளை வளர்த்த வெங்காயம், புஸ்பம். பள்ளிக்கூட வேலையாக்கும். தாள் மஞ்சளாகிச் சாய்ஞ்சு கிடந்தது. சாய்ஞ்ச பிறகு மண்ணுக்குள்ள விட்டா அழுகிப்போயிடும். அதான் பிடுங்கித் தாளை நறுக்கிக் கடகத்துக்க போட்டனான்."

"அம்மா, வெட்டாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "அது வெங்காயம் இல்லை! ஸல்ஹாட செடி!"

அம்மாவின் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றது. பலகையில் ஒரு குமிழ் நேர் பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. நல்ல காலம், ஒன்றும் கறிச்சட்டிக்குள் போகவில்லை.

"ஐயோ கடவுளே! தெரியாத கிழங்கு வயித்துக்குள்ள போயிருந்தா என்ன நடந்திருக்கும்?" அம்மா வெட்டி வைத்திருந்த வெங்காயம் முழுவதையும் கொட்டினார். பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினார்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "எட்டு வயசில இருந்து வெங்காயம் பிடுங்கிறன். இப்பிடி ஏமாந்துபோனேனே," என்றார்.

கடகத்தை எட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் சின்ன வெங்காயம். எல்லாம் ஒரே அளவு, ஒரே ஊதா நிறம், அடியில் ஒரே மாதிரி வேர். இதற்குள் மீதி ஆறையும் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு அழுகை வந்தது.

அழுகை என்றதும்தான் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"வெங்காயம்தான் கண்ணை எரிக்கும். இது எரிக்காது. ஒவ்வொண்டா நகத்தால சுரண்டி மூக்கில வைச்சு மணந்து பார்ப்பம்!" என்றேன்.

நான்கு பேரும் கடகத்தைச் சுற்றி இருந்தோம். சுரண்டினோம், மணந்தோம். பத்து நிமிடத்தில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

"ஒண்டு!" என்றார் அம்மா.

"எனக்கும் ஒண்டு!" என்றேன்.

அண்ணா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி இரண்டு கண்டுபிடித்தான். அப்பா இன்னும் இரண்டு எடுத்தார். அவருக்குத்தான் கண்ணீர் கூடுதலாக ஓடியது. வெங்காயம்தான் காரணம் என்று அவராகவே சொன்னார்.

ஆறும் கிடைத்துவிட்டன. இலை இல்லை, ஆனால் அடியில் வேர் இருந்தது.

"நான் ஒரு யோசனை சொல்லட்டா?" என்றான் அண்ணா. "சட்டியில வெங்காயத்தை நடுவம். தாள் வந்ததும் மார்க்கர் பேனையால புள்ளி வைப்பம். அவளுக்கு என்ன தெரியப்போகுது?"

"போடா விசரா!" என்றேன். மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவின் போனை வாங்கி ஸல்ஹாவை அழைத்தேன். அலுமாரியில் வைத்தது, தண்ணீர் விட்டது, அப்பா பிடுங்கியது, அம்மா வெட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. போன் கட்டாயிற்று.

அன்று இரவு ஆறு குமிழையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் விடியவே போன் அடித்தது.

"வேர் இருக்கா?" ஸல்ஹாதான். வணக்கமும் இல்லை, சுகம் கேட்கவும் இல்லை.

"ஓம், ஆறிலயும் இருக்கு."

"அப்ப நடு. செத்துப்போச்செண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையே."

பாய்ந்து எழும்பினேன். வெட்டுப்பட்ட குமிழை நேற்றே எடுத்து வைத்திருந்தேன். அதன் உள்ளே பார்த்தேன். தடித்த வெள்ளை அடுக்குகள். விரலால் அமுக்கினால் நீர் கசிந்தது.

"அப்பா, இஞ்ச பாருங்கோ! இது தன்ர தண்ணியைத் தானே சேர்த்து வைச்சிருக்கு. சின்னத் தண்ணித் தாங்கி! நான் அதுக்குமேல ரெண்டு நேரமும் ஊத்திப்போட்டன்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பழைய ஈரமண்ணைக் கொட்டிவிட்டு, மணல் கலந்த புது மண் போட்டோம். அப்பா விரலால் ஆழமாகக் குழி தோண்டினார்.

"அப்பிடி இல்லை அப்பா. பாதிதான் உள்ளுக்குப் போக வேணும். மற்றப் பாதி வெளியில இருந்து காத்து வாங்க வேணும். ஸல்ஹா தரேக்க அப்பிடித்தான் இருந்தது."

"சரி பிள்ளை, நீ சொல்லு, நான் செய்யிறன்," என்றார் அப்பா. அவர் இப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

வெட்டுப்பட்ட இரண்டு பாதிகளின் அடியிலும் கொஞ்சம் வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. நட்டால் என்ன ஆகும்? தெரியவில்லை. தெரியாததால் நட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்பா ஒரு வெறும் தயிர்ச் சட்டியின் அடியில் ஓட்டை போட்டுத் தந்தார். அதில் இரண்டையும் நட்டேன்.

என் கொப்பியில் இருந்த இலைப் படங்களை மறுபடி பார்த்தேன். வெளிச்சம் பட்ட பக்கம்தானே புள்ளி இருந்தது? இரண்டு சட்டிகளையும் காலை வெயில் விழுகிற ஜன்னலில் வைத்தேன். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை!

நட்டுப் பன்னிரண்டாம் நாள் ஒரு குமிழின் நடுவில் அரிசி போல ஒரு முளை வந்தது. பிறகு இன்னொன்று. இலை விரிய விரிய உள்ளே புள்ளிகள் தெரிந்தன. நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினியில் இருந்து ஓடி வந்தார்.

மாதம் முடிந்தது. ஸல்ஹா தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தோளில் பையோடு நேரே எங்கள் ஜன்னலுக்கு வந்தாள். அப்பா கதவுக்குப் பின்னால் நின்றார். துறைமுகத்தில் மலை மலையாகப் பெட்டி தூக்குகிற மனிதர், பத்து வயதுப் பிள்ளைக்குப் பயந்து ஒளிந்து நின்றார்!

ஸல்ஹா குனிந்து பார்த்தாள். ஆறு குமிழிலும் இலை இருந்தது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவுதான். ஆனால் புள்ளிகள் கறுகறுவென்று இருந்தன.

"முந்தி இவ்வளவு வடிவான புள்ளி இருக்கேல்லை," என்றாள் மெதுவாக.

பிறகு தயிர்ச் சட்டியைக் கவனித்தாள். பாதிக் குமிழ்களில் இலை இல்லை. ஆனால் ஒன்றின் அடியில் கடுகு அளவில் ஊதா நிறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன, குட்டியா?"

"தெரியாது. இருந்து பார்ப்பம்," என்றேன்.

ஸல்ஹா தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள்.

"அங்கிள், இது உங்களுக்கு. ஆனா பிடுங்கப்படாது, சரியா?"

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். சரியென்று தலையை ஆட்டினார்.

மறுநாள் வேலைக்குப் புறப்படுகிற நேரம், சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, அப்பா தயிர்ச் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். மண்ணுக்குள் விரல் விட்டிருந்தார்.

"பிள்ளை," என்று என்னைக் கூப்பிட்டார், "இண்டைக்குத் தண்ணி விடலாமோ, இல்லாட்டி நாளைக்கோ?"