கிணற்று நெல்லி

நூற்று நாற்பத்து நான்கு மணி நேரம் உலர்த்திய பிறகு இரண்டு பகடைகளின் எடையும் கூடியிருந்தது.

பெர்சி தராசை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். நூறு கிராம் எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள். தராசில் பிசகு இல்லை. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு முதல் பகடை 4.10 கிராம் இருந்தது. ஈரக் கட்டையிலிருந்து அறுத்தது. காயக் காய 3.30 வரை இறங்கியிருக்க வேண்டும். இன்று ஞாயிறு, அதே மூன்று மணி. 5.92.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா மணிகளுக்கு நடுவே அவற்றை வைத்திருந்தாள். ஈரம் பட்டால் அந்த மணிகள் ரோஸ் நிறமாகிவிடும். அவை கருநீலமாகவே கிடந்தன. மரத்துக்குள் போன எதுவும் டப்பாவுக்குள்ளிருந்து போகவில்லை.

திருநகரில் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்த அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வேதியியல் படித்துவிட்டு, மனிதர்களுக்கு முன்னால் நின்று பேசும் எந்த வேலையும் ஒத்துவராமல், அவள் மரத்தில் பகடை செய்யத் தொடங்கினாள். போர்டு கேம் ஆடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ ஆர்டர் போட்டார்கள். கருங்காலி, ஈட்டி, புளியமரத்தின் வைரம், உசில். யாரிடமும் கிடைக்காத மரமாக இருந்தால் இன்னும் நல்லது. யாரையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை. அண்ணன் ஜெய்சன் சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிடுவான். ஒரே ஒரு நாள் தனியாகப் பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் போதும், மறுநாளே வந்து வீட்டைப் பூட்டி அவளைக் கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். வீட்டை வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான். அதனால் இரண்டு வருடமாக அவளுக்குப் பயமே வந்ததில்லை.

இந்த மரம் திருமங்கலத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அழகுபாண்டி மூலமாக வந்தது. எழுமலைப் பக்கத்தில் புதிதாகக் கிணறு வெட்டினால் அடியில் நெல்லிக்கட்டையில் ஒரு சட்டம் செய்து இறக்குவார்கள். தண்ணீர் தெளிந்து இனிப்பாகும் என்பார்கள். ஐம்பது வருடம், நூறு வருடம் தண்ணீருக்குள்ளேயே கிடந்து அந்தக் கட்டை கறுத்து இறுகிவிடும். யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. எடுத்துத் தர ஒருவர் இருக்கிறார் என்று அழகுபாண்டி சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முத்திருளன் என்ற அந்தப் பெரியவர் நனைந்த சாக்கில் சுற்றிய கட்டையோடு மொபெட்டில் வாசல்வரை வந்தார். காசு வேண்டாம் என்றார். வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். தான் மட்டும் என்றாள். சாக்கை நீட்டிய கை ஒரு கணம் பின்னால் போனது. பிறகு கொடுத்துவிட்டார். கிணறு வற்றியிருக்கும், அதனால் எடுத்திருப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேள்வி கேட்க அவளுக்கு எப்போதும் கூச்சம்.

அறுக்கும்போது அழகுபாண்டி ரம்பத்தை இரண்டு தரம் நிறுத்தித் துடைத்தார்.

"என்னம்மா, கிணத்துக் கட்டையக் கேட்டா கிணத்தையே தூக்கிட்டு வந்திருக்கீக? எம்புட்டுத் தொடச்சாலும் ஒழுகுதே."

பாதிக் கட்டை வெடித்து வீணானது. தேறியது இரண்டு பகடைக்கு மட்டும்.

நான்கு மணிக்கு மறுபடி நிறுத்தாள். 6.40. வெர்னியரில் பக்கங்களை அளந்தாள். பதினாறு மில்லிமீட்டர். வீங்கவில்லை. கணக்கை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். எந்த மரத்தையும், அதன் துளைகளையெல்லாம் ஒழித்து வெறும் நாராக அழுத்தினாலும், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிராமைத் தாண்டாது. இது தாண்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள். மின்விசிறியின் சத்தமும், தொலைவில் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் இரைச்சலும், அவற்றுக்கு அடியில் மெதுவாக, வீட்டுக்குள் எங்கோ ஓரிடத்திலிருந்து, ஈரக் கல்லும் பாசியும் புறா எச்சமும் கலந்த ஒரு வாசனையும் வந்துகொண்டிருந்தன. சமையலறைக் குழாயை இறுக்கினாள். குளியலறைத் தரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வாசனை மேசைப் பக்கம்தான் கூடுதலாக இருந்தது.

முத்திருளனிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதினாள். கட்டைக்கு வயது என்ன. எத்தனை அடி ஆழம். எப்போது வற்றியது. மூன்று கேள்விகளை எழுதி, சத்தமில்லாமல் வாசித்துப் பழகி, போன் செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. அவர் எடுக்கவில்லை.

ஐந்து மணி. 7.02.

கடைசியாக ஒரு சோதனை இருந்தது. எந்தப் பகடையையும் அனுப்புவதற்கு முன் உப்புக்கரைசலில் மிதக்க விடுவாள். ஒரு பக்கம் கனமாக இருந்தால் சுண்டிவிடச் சுண்டிவிட அதே முகம்தான் மேலே வரும். கண்ணாடிக் குவளை கழுவாமல் கிடந்ததால் காபி குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் கரைசலைக் கலக்கினாள். மிதக்காது என்று தெரியும். மூழ்கும் வேகத்தையாவது பார்க்கலாம் என்று நினைத்தாள்.

முதல் பகடையை விட்டாள்.

அது நேராக இறங்கியது. அடியில் தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

இரண்டாவதை விட்டாள். காதை டம்ளரின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மின்விசிறியை அணைத்தாள். பத்து எண்ணினாள். இருபது. லாரிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். அடி இருந்தது. மேசை காய்ந்திருந்தது. மறுபடி வைத்து உள்ளே பார்த்தாள். தண்ணீர் கறுப்பாக இருந்தது. மாலை வெளிச்சம் குறைந்ததால் இருக்கும். டார்ச் அடித்தாள். வெளிச்சம் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

பென்சிலை விட்டாள். முழுதாக உள்ளே போனது.

இரும்பு ஸ்கேலை எடுத்தாள். முப்பது சென்டிமீட்டர். டம்ளர் அவள் விரல் நீளம்தான் இருக்கும். ஸ்கேல் இறங்கியது. அவள் பிடித்திருந்த நுனி தண்ணீரைத் தொட்டது. குளிர். மார்கழிக் குளிர் அல்ல. வெயிலே காணாத குளிர்.

விரலிலிருந்து ஸ்கேல் நழுவியது.

சத்தம் இல்லை.

"இயேசுவே" என்றாள், மெதுவாக.

டம்ளர் அதைத் திருப்பிச் சொன்னது. உடனே அல்ல. கொஞ்ச நேரம் கழித்து. அவள் குரலைவிடச் சற்று முதிர்ந்த குரலில்.

போனை எடுத்தாள். ஜெய்சனின் பெயர் திரையில் இருந்தது. விரல் அதன்மேல் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் அவன் வந்துவிடுவான். நாளையே. கதவைப் பூட்டுவான். பிறகு இந்த வீடு இல்லை, இந்த மேசை இல்லை, யாரும் பேசச் சொல்லாத இந்த நாட்கள் இல்லை. என்ன என்று சொல்வது. டம்ளரைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றா.

அவன் பேரைத் திரையிலிருந்து தள்ளிவிட்டாள்.

போன் கையிலேயே அதிர்ந்தது. முத்திருளன்.

தாளில் எழுதிய மூன்று கேள்விகளும் மறந்துபோயின. "அந்தக் கிணத்துல யாரு?" என்றாள்.

மறுமுனையில் மூச்சு வாங்கியது. ஏறி வந்தவரின் மூச்சு.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அவர் மனைவி ரெங்கம்மாள் அந்தக் கிணற்றில் விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. நாலு நாள், மூன்று மோட்டார் வைத்து இறைத்தார்கள். தண்ணீர் ஒரு சாண்கூடக் குறையவில்லை. முங்கித் தேடியவர்களுக்கும் கிடைக்கவில்லை. எடுத்து அடக்கம் செய்யாமல் அவருக்குத் தூக்கமில்லை. நெல்லிச் சட்டம் இருக்கும்வரை ஊற்று போகாது, அதை எடுத்தால் தண்ணீரும் எழுந்து, கட்டை போய்ச் சேரும் வீட்டுக்கே போய்விடும் என்று ஊரில் சொன்னார்கள். ஆள் விட்டு முங்கி எடுத்தார். அந்தக் கட்டையை வாங்கி வைக்க ஊரில் ஒரு வீடும் சம்மதிக்கவில்லை.

"நீங்க ஏசு சாமி கும்பிடுற வேதக்காரவுக. ஒங்கள ஒண்ணும் அண்டாதுன்னு நெனச்சேன் தாயி. தனியா இருக்கேன்னு சொன்னப்பவே திரும்பியிருக்கணும்."

போனைக் காதில் வைத்தபடியே பெர்சி மேசையைப் பார்த்தாள். டம்ளரில் தண்ணீர் விளிம்புவரை வந்திருந்தது. வழியவில்லை. நடுவில் ஒரு குமிழ் வந்து உடைந்தது. இன்னொன்று.

"இன்னைக்கு வத்திருச்சு. காலையில இருந்து எறங்கிக்கிட்டே போச்சு. தரை தெரியுது. நானே எறங்கிட்டேன். சேத்தக் கையால அளஞ்சு பாத்தேன்."

குமிழ்கள் நின்றன. தண்ணீருக்கு நடுவே மெல்லிய கறுப்பு நூல் ஒன்று எழுந்தது. பிறகு நிறைய. பாதி நரைத்த, நீளமான முடி. விளிம்பைத் தாண்டி, மேசையில் இறங்கி, அவள் நோட்டின்மேல், எழுதிய எண்களின்மேல், ஈரமாகப் படர்ந்தது. இன்னும் வந்துகொண்டிருந்தது. எதையோ இழுத்துக்கொண்டு.

"தாயி, கேக்குதா?" என்றார் அவர். "அவ அங்க இல்ல."