ஏழாவது தூண்

ஷமீமா மரக்காணம் கடைத்தெருவில் காரை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். மளிகைக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே நீலத் தகரம் அடைத்த ஒரு மனை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டியபோது, இரண்டு ஆள் ஆழத்தில் பழங்காலத்துச் செங்கல் தரையும் உறைகிணறும் கிடைத்த இடம் அது. ஊருக்கு நடுவில் இருப்பதால் அதை மண் போட்டு மூடாமல், ஜனங்கள் உள்ளே இறங்கிப் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அந்த வேலைக்கு வந்த ஆர்க்கிடெக்ட்தான் ஷமீமா. கோட்டக்குப்பத்துக்காரி. கணவர் ஷார்ஜாவில் இருந்தார். நான்கு வயதில் ஒரே மகள், அஃப்ரீன்.

படிக்கட்டு போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சரிவுப்பாதைதான் வேண்டும் என்று ஷமீமா பிடிவாதமாக நின்றாள். அவளுடைய அண்ணன் முபாரக் சின்ன வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலிக்குப் போனவன். எந்தக் கோட்டைக்குப் போனாலும், எந்த மியூசியத்துக்குப் போனாலும், படிக்கட்டைப் பார்த்ததும் அவன் வாசலிலேயே நின்றுவிடுவான். நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கே காற்றாட இருக்கிறேன் என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவள் முப்பது வருஷமாகப் பார்த்து வந்திருக்கிறாள்.

சரிவுப்பாதையின் ஏழாவது தூணுக்குக் குழி எடுத்தபோதுதான் அந்த இரண்டு பேரும் கிடைத்தார்கள்.

ஒரு பெண். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மடங்கிய கைக்குள் ஒரு குழந்தை. மூன்று, நான்கு வயது இருக்கலாம் என்றார்கள் தொல்லியல் துறைக்காரர்கள். தாயின் விரல் எலும்புகள் உப்புப் பூத்து, குழந்தையின் முதுகின் மேல் விரிந்து கிடந்தன.

தூணின் அடிப்பீடம் குழந்தையின் கால்மாட்டில் இறங்க வேண்டியிருந்தது. தூணை நகர்த்தினால் பாதை செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலி இறங்காது. குழந்தையை மட்டும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம், தாயைக் கண்ணாடிக்குக் கீழே அப்படியே விடலாம் என்று யோசனை சொன்னார்கள். பகல் காவலுக்கு இருந்த ராசம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் உப்பளத்தில் வாரிய கை அவளுடையது. அதிகம் பேசமாட்டாள்.

"எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்க மேடம். இல்லாட்டி ரெண்டு பேரையும் உட்ருங்க. பிரிக்காதீங்க."

"பாக்க வர்றவங்களுக்கு ஏதாவது இருக்கணும்லக்கா" என்றாள் ஷமீமா. குழந்தையை எடுப்பதற்கான தாளில் கையெழுத்துப் போட்டாள்.

கண்ணாடித் தளம் போட்டு, விளிம்பெல்லாம் பசை வைத்து அடைத்த மறுவாரம் ராசம்மாள் போன் செய்தாள். மத்தியானத்தில் கடைகள் சாத்தி தெரு அடங்கும்போது கீழே ஏதோ சத்தம் வருகிறது என்றாள். எலியாக இருக்கும் என்று ஷமீமா சொன்னாள். இருந்தாலும் மறுநாள் வந்தாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. உள்ளே ஈர மண் வாசனை. அதற்குள் மெலிதாக வேறொரு வாசனை, புளித்த பால் மாதிரி. அவள் மண்டியிட்டுக் கண்ணாடியில் காதை வைத்தாள்.

தட்.

தட்.

தட்.

எலி இல்லை. அவசரமில்லாத, ஒரே சீரான சத்தம். அது என்ன சத்தம் என்று ஷமீமாவுக்கு உடனே தெரிந்தது. தினமும் அஃப்ரீனைத் தூங்க வைக்க அவள் முதுகில் தட்டுகிற சத்தம்.

கீழே எலும்புகள் அசையவில்லை. ஆனால் காலியான அந்தக் கைக்குள் மண் மட்டும் குழிந்திருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திறப்பு விழா தள்ளிப்போகும். முபாரக் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தான்.

விழா அன்று முதல் ஆளாக அவன்தான் சரிவில் இறங்கினான். மடியில் அஃப்ரீன். ஷமீமா மேலே நின்று அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் உறைகிணற்றை எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்குக் கண் நிறைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மடியில் குழந்தை இல்லை.

அவள் ஓடிப்போய்க் கேட்டபோது முபாரக்குக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாப்பா தூங்கிட்டா. நீ வந்து தூக்கினேன்னு நெனச்சேன். பின்னாடியிருந்து மெதுவாத்தான் தூக்கின." அவன் தன் கையைப் பார்த்தான். "உன் கை ஈரமா இருந்துச்சே ஷமீ."

தெருவெல்லாம் தேடினார்கள். ராசம்மாள்தான் ஏழாவது தூணருகே நின்று கூப்பிட்டாள்.

கண்ணாடிக்குக் கீழே, மடங்கிய அந்த எலும்புக் கைக்குள், அஃப்ரீன் தூங்கிக்கொண்டிருந்தாள். பசை எங்கேயும் விட்டிருக்கவில்லை. குழந்தையின் மஞ்சள் கவுனில் முதுகுப் பக்கம் துணி மட்டும் லேசாக அமுங்கியது, எழும்பியது. அமுங்கியது, எழும்பியது.

கண்ணாடியைக் கழற்ற இருபது நிமிஷம் ஆனது. அதை அறைந்து அறைந்து ஷமீமாவின் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. ராசம்மாள் அவளைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தானே உள்ளே இறங்கினாள். குழந்தையை உடனே தொடவில்லை. எலும்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடுத்துடு தாயி" என்றாள். "இது உன்னுது இல்ல. உன்னுதை நாங்கதான் எடுத்துட்டோம். தப்புதான். குடுத்துடு."

வெகுநேரம் கழித்துத் துணி அசைவது நின்றது.

அன்று சாயங்காலமே ஷமீமா ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தாள். அந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுங்கள், பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறேன், தூணை இடிக்கிறேன், என் செலவிலேயே செய்கிறேன் என்று அழுதாள். எதிர்முனையில் பேசியவர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். சின்ன எலும்புகள், மேடம். வயதைக் கணக்கிட எல்லாவற்றையும் பொடித்துவிட்டோம். திருப்பித் தர ஒன்றும் மிச்சமில்லை.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.

இடம் திறந்தே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். சக்கர நாற்காலிகள் சிரமமில்லாமல் இறங்குகின்றன. முபாரக் மறுபடி அங்கே போகவில்லை.

அஃப்ரீனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். ஆனால் அன்றிலிருந்து அவள் ஷமீமாவை அம்மா என்று கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமானால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷமீமா அவளைப் பாயில் போட்டுத் தூங்க வைக்கப் பார்த்தாள். முதுகில் கையை வைத்ததும் குழந்தை நகர்ந்துகொண்டது.

"நீ தட்டாத" என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் நிம்மதியாகத் தூங்கியும் போனாள்.

ஷமீமா கையை மடியில் வைத்துக்கொண்டு அசராமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் அறைக்குள் வரவில்லை. நாலு மணிக்கு அஃப்ரீன் எழுந்து வெளியே ஓடியதும் பாயைச் சுருட்டக் குனிந்தாள்.

குழந்தை படுத்திருந்த இடத்துக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலை மடக்கிப் படுத்த ஒரு பெண்ணின் அளவுக்கு, பாயில் உப்புப் பூத்திருந்தது.