குளிர்ந்த காற்று வரும் பக்கம்

“இன்னும் ஏன் விடியல?”

மேசைமேல் கிடந்த வாக்கி டாக்கியில் கணவன் இப்படிக் கேட்டபோது மணி ஒன்பதேகால். தையல் மெஷின்மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட சீருடைத் துணிகளின் கஞ்சி வாசனை அறை முழுக்கச் சூடேறிக் கிடந்தது. காலங்காத்தாலே கிண்டலை ஆரம்பிச்சாச்சா என்று நினைத்து அவள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

“விளையாடல. கும்மிருட்டா இருக்கு. மேகம் கீகம் கவிஞ்சிருக்கான்னு கொஞ்சம் பாரேன்.”

குரலில் விளையாட்டு இல்லைதான். அவள் காலை எடுத்தாள்.

நீர்நாய்களைப் படமெடுப்பது அவன் பிழைப்பு. மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சதுப்போரத்தில், ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் மறைவுக் கூடாரம்; அதன் உச்சியில் காற்று, சூடு, ஈரம் மூன்றையும் அளந்து வீட்டு டேப்லெட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் குட்டிக் கருவி. மனுஷ வாடை காற்றில் போனால் ஒரு நீர்நாய்கூடத் தலைகாட்டாது. ஆகவே அவன் கிளம்புமுன் தினமும் அவள்தான் எண்களைப் பார்த்து “போகலாம்” என்பாள். இன்று ஐந்து மணிக்கு, முந்தின நாள் சண்டையின் கோபம் ஆறாமல், அவள் திரையைத் தொடக்கூட இல்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கு, கிளம்புங்க” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது பார்த்தாள். சூடு முப்பத்தேழு. ஈரம் நூறு. காற்றின் அம்புக்குறி கிழக்கே பாய்ந்து ஐந்து நொடி நின்றது. சட்டென்று மேற்கே திரும்பி ஐந்து நொடி. மறுபடி கிழக்கே.

கருவி கெட்டுப்போய்விட்டது என்று நம்ப ஆசைப்பட்டுப் பழைய பதிவைத் தள்ளிப் பார்த்தாள். நாலு இருபது வரை எல்லாம் ஒழுங்கு. அதற்கப்புறம் முப்பத்தேழு, நூறு, கிழக்கு, மேற்கு. அவன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே. ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் அவனைப் படி இறங்கவே விட்டிருக்க மாட்டாள்.

“என்னங்க, அங்க எப்படி இருக்கு?”

“தரை வெதுவெதுன்னு இருக்கு. கால் வச்சா அமுங்குது. பனிமூட்டத்துல தட்டுத்தடுமாறி வந்து உக்காந்தவன்தான், எழுந்திருக்கல.”

அவன் பேச்சுக்குப் பின்னால் ஏதோ நீளமாக இரைந்தது. அடங்கியது. மறுபடி இரைந்தது. அம்புக்குறியோடு சேர்ந்து.

சதுப்புக்குப் பக்கத்திலேயே படகுத்துறையில் வேலை பார்க்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். பத்தே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

“அண்ணி, இங்க நல்ல வெயில். கூடாரத்தையே காணோம். அண்ணனோட பூட்ஸ் தடம் சேத்துல வருது. பாதியில நின்னுடுது.”

“சுத்திமுத்தித் தேடு தம்பி.”

“தேடறதுக்கு என்ன இருக்கு அண்ணி? வெட்டவெளி.”

அவள் திரையையே பார்த்தாள். கிழக்கே அடிக்கும்போது முப்பத்தாறரை. மேற்கே அடிக்கும்போது முப்பத்தேழு. அது காற்றில்லை, மூச்சு. அவள் புத்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டது: உள்ளே வரும் மூச்சு வெளியிலிருந்துதானே வர வேண்டும்.

“என்னங்க, அந்தக் கருவியைக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க. குளிர்ந்த காத்து வர்ற பக்கமா நடங்க.”

“ஏன்? என்னாச்சு?”

“என்னை மன்னிச்சிடுங்க. கேக்காதீங்க. நடங்க.”

நடந்தான். சளக், சளக் என்று காலடி கேட்டது. முப்பத்தைந்து. முப்பத்துமூன்று. முப்பது. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

“வெளிச்சம் தெரியுது,” என்றான். சிரித்தான்கூட. “உன்னாலதான்.”

“நிக்காதீங்க.”

“முன்னால வெள்ளையா, வரிசையா என்னவோ நிக்குது. ஆளுயரம். பாறையா இருக்கும்.”

இருபத்தெட்டு.

“மேலயும் இருக்கு.”

“ஓடுங்க.”

இருபத்தேழு.

அம்புக்குறி நின்றது. காற்று, பூஜ்யம்.

“மறுபடி இருட்டிடுச்சு,” என்றான் கணவன்.

பிறகு ஈரமாக ஒரு சத்தம். வழுக்கிக்கொண்டே போகும் சத்தம்.

முப்பது. முப்பத்துமூன்று. முப்பத்தைந்து.

“என்னங்க.”

முப்பத்தேழு.

“என்னங்க.”

அம்புக்குறி மெல்ல அசைந்தது. கிழக்கே, எட்டு நொடி. மேற்கே, எட்டு நொடி. அவசரமே இல்லாமல்.