தாகம் தீராத கோவில்

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில், சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலை நெடுகப் புளியமரங்கள் வெட்டுண்டு குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. மறியல் செய்தவர்களுக்கு அவர்கள் நியாயம் இருந்தது. பேதிக்கு மட்டும் யாருடைய நியாயமும் புரிவதில்லை. கிறிஸ்தவக் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வியாகுலத்தின் ஆறு வயது மகள் டயானா காலையிலிருந்து வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிழைப்பாள். சேர்க்காவிட்டால் இல்லை.

அதே ஊர் வண்டிக்காரன் இருசப்பன் மாட்டுவண்டி கட்டினான். கல்வராயன் மலையடிவாரத்து வண்டிப்பாதையில் சுற்றிப் போகலாம் என்று கிளம்பினார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கு வந்தபோது வெள்ளம் வண்டியை உருட்டிவிடும் வேகத்தில் போனது. கரைமேல் ஒரு பாழடைந்த கோவில் இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஓர் ஊரின் விளக்குகள் தெரிந்தன.

"உள்ள குந்துங்க, உபதேசியாரே. நான் அந்த ஊர்ல ஆளுங்கள கூப்ட்டுக்கினு வரேன். கட்டில்ல வச்சி தோளுமேல தூக்கினா ஓடைய தாண்டிடலாம்" என்று சொல்லிவிட்டு இருசப்பன் போனான்.

உள்ளே வௌவால் நாற்றம். பீடத்தில் அம்பு தைத்த புனிதர் செபஸ்தியார், ஒரு கை உடைந்து நின்றார். வியாகுலத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கொள்ளைநோய்க்குக் காவல் அவர்தானே. ஒவ்வொரு தை மாதமும் செபஸ்தியார் திருநாளில் வியாகுலம் செய்யும் பிரசங்கம் ஒன்றுதான். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்து ஊரில் பாதி செத்தது. பிள்ளையை விட்டுத் தகப்பன் ஓடினான். சாகிறவனுக்குக் கடைசி எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியார்களே பயந்தார்கள். ஜனங்கள் தங்களைச் சாட்டையால் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக அழுதுகொண்டு போனார்கள். அதுவும் போதாமல், யூதர்கள் கிணற்றில் விஷம் போட்டதாகச் சொல்லி, ஒரு பாவமும் அறியாதவர்களை உயிரோடு எரித்தார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு, "நம்ம சனம் அப்படிச் செய்யாது" என்று முடிப்பார். நம் ஊரைப் பற்றி நமக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம்தான்.

அவர் மனைவி அமலோற்பவம் மகளை மடியில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் கொண்டுவந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டிருந்தது.

"இன்னாங்க, இன்னும் அவர காணோமே."

வியாகுலத்துக்கும் பொறுக்கவில்லை. பீடத்தருகே மணிச் சங்கிலி தொங்கியது. அவர்கள் ஊரில் பாம்பு கடித்தாலும் கூரை பற்றினாலும் கோவில் மணிதான். சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு ஊரே ஓடிவரும். அந்த நினைப்பில் அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்து இழுத்து அடித்தார்.

வாசலில் வந்து பார்த்தார். ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

இருசப்பன் தனியாகத் திரும்பி வந்தான். வாசற்படிக்கு வெளியே மழையிலேயே நின்றான்.

"மணிய ஏன் அடிச்சீங்க?" என்றான். "நாலு பேரு கட்டில தூக்கி தோள்ல வச்சிட்டாங்க. மணி கேட்டதும் அப்படியே போட்டுட்டு வூட்டுக்குள்ள போய் கதவ சாத்திக்கினாங்க."

"இன்னாத்துக்கு?"

"அவங்க தாத்தன் காலத்துல இங்க காலராவாம். சேரி சனந்தான் கெணத்துல எதையோ கலந்துட்டாங்கன்னு சொல்லி, நோவு வந்தவங்க வராதவங்க எல்லாரையும் இதுக்குள்ள தள்ளி வெளிய தாப்பா போட்டாங்களாம். உள்ள இருந்தவங்க தண்ணி கேட்டு மணி அடிச்சிக்கினே இருந்தாங்களாம். ஒருத்தரும் வரல. இந்த மணி கேட்டா இனிமே யாரும் வரமாட்டாங்க, உபதேசியாரே."

வியாகுலம் சங்கிலி பிடித்த கையை வேட்டியில் துடைத்தார்.

அமலோற்பவம் உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னாள். "தண்ணி கம்மியாய்க்கினே போவுதுங்க."

"ஓட்டையா இருக்கும்."

அவள் வாளியைத் தூக்கி அடியைத் தடவினாள். காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

சுவரோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

வௌவால் நாற்றம் போய், நோயாளி படுத்த பாயின் வாடை வந்தது.

"எனக்கு."

யார் சொன்னது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு."

இப்போது எதிர்ச் சுவரிலிருந்து.

வியாகுலம் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கூரையிலிருந்து கொட்டிய மழைநீரைத் தளும்பத் தளும்பப் பிடித்தார். படி தாண்டும்போது வாளி கனம் இழந்தது. உள்ளே சொட்டு இல்லை.

"வெளிய வா, போயிடலாம்" என்று அலறி மனைவியை இழுத்தார். கொட்டும் மழையில் வண்டியோரம் போய் உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் இரண்டு கையையும் சேர்த்து மழையை ஏந்தினாள். மகளின் உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் உள்ளங்கை வறண்டது. திரும்ப ஏந்தினாள். திரும்ப வறண்டது. பிள்ளையின் வாயில் நேராக விழுந்த துளியும் நாக்கைத் தொடவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது.

சுற்றிலும் இருட்டில் "எனக்கு, எனக்கு" என்று கெஞ்சினார்கள். அவர்கள் மிரட்டவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

"எங்கொழந்தைக்கு ஒரு வாய் வுட்டுக் குடுங்க" என்று அமலோற்பவம் இருட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்த உயிர்களைக் கெஞ்சவிட்டது ஊர். பழி வந்து விழுந்தது இந்தப் பச்சைப்பிள்ளை தலையில். இதற்கு எந்தச் சாமி கணக்குச் சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை.

டயானாவின் முனகல் நின்றது.

எல்லாக் குரல்களும் நின்றன.

பிறகு கோவிலுக்குள்ளிருந்து, மற்ற குரல்களுக்கெல்லாம் பின்னால், ஒரு சின்னக் குரல்.

"அம்மா. எனக்கு."

மறியல் முடிந்து, மரங்களை அகற்றி, பஸ் ஓடத் தொடங்கிப் பல நாளாகிவிட்டது. வியாகுலம் மகளைப் புதைத்துவிட்டு ஊரில் இருக்கிறார். இப்போது பிரசங்கம் செய்வதில்லை. அமலோற்பவம் வீட்டுக்கு வரவில்லை. இருசப்பன் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தான். அவள் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து அந்தக் கோவில் தரையில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். தரை இதுவரை நனைந்ததில்லை.

உள்ளே வரிசையாகக் கேட்கிறார்கள். அவளும் வரிசையாகத்தான் ஊற்றுகிறாள். கடைசியாக வந்த பிள்ளை, கடைசியில் நிற்கிறது. அதன் முறை வருவதற்குள் குடம் காலியாகிவிடுகிறது.