சோலைப் பிடிமண்

விடிய விடியப் பெய்த மழையில் காப்பிச்செடி, கோழிக்கூடை, தார்ப்பாய், துவைகல் எல்லாம் ஊறிக் கிடந்தன. சாமிக்கல் மட்டும் காய்ந்திருந்தது. சிவபாக்கியம் சாணிக் கையோடு நின்று பார்த்தாள். கல்லுக்கு மேலே கூரை கிடையாது, ஒரு கிளைகூடக் கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு அதன் தலையில் உள்ளங்கையை வைத்தாள். ராத்திரி முழுக்க யாரோ உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன பலகை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

தோட்டத்தின் கடைசியில், காட்டுப்பன்றி நுழையாமல் போட்ட கம்பிவேலியை ஒட்டி, மகன் அகிலன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சோலை. பட்டப்பகலிலும் உள்ளே வெளிச்சம் இறங்காத காடு. பழம் பறிக்கக் கட்டிய சாக்கு அவன் இடுப்பில் காலியாகத் தொங்கியது.

"ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க? பழம் பழுத்து உதிருது."

"கூப்புட்டாங்கம்மா."

"யாருடா?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் திரும்பிப் பார்த்தான். "நம்மாளுகதான்."

அவன் மேலிருந்து மக்கிய இலை வாசம் வந்தது. அந்த வாசம் அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் சக்திவேல் மேலும் அப்படித்தான் அடித்தது. அப்போது அகிலன் வயிற்றில் நிறைமாதம். கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் அரிவாளைச் செடியில் மாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வேலிக்கு அப்பால் நடந்தான். காட்டுமாடு குத்தியிருக்கும் என்றார்கள். ஒரு எலும்பும் கிடைக்கவில்லை. அவனுடைய அப்பனும் அப்படிப் போனவன்தான், அப்பனுக்கு அப்பனும்தான். அந்தக் குடும்பத்து ஆம்பளைக்கு ஆயுசு கெட்டியில்லை என்று ஊர் பேசி முடித்துக்கொண்டது. அவளுக்கு அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. எஸ்டேட்டில் மூட்டை தூக்கினாள், பிள்ளையை வளர்த்தாள். இப்போது மருமகள் ரம்யாவுக்கு நிறைமாதம்.

அன்றைக்கே போய்க் குறி கேட்டாள். பெரும்பாறைக் கோடாங்கி உடுக்கையை அடித்துச் சொல்லிவிட்டான். "கல்லடியில மண்ணு சரியில்ல. குலசாமி இருக்குற எடத்துக்கே போயிப் புதுசாப் பிடிமண் எடுத்துட்டு வா. புள்ள நிப்பான்."

பிறந்த ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் அள்ளி மஞ்சத்துணியில் முடிந்து எடுத்துப்போவார்கள். போன இடத்தில் அந்த மண்மேல் கல்லை நட்டால், சாமி அங்கே வந்துவிட்டதாகக் கணக்கு. ஆனால் இந்த வீட்டுக்கு எந்த ஊர் மண்? வாக்கப்பட்டு வந்த நாளாய் அவள் கேட்டதெல்லாம் ஒரே கதைதான். ரோடு இல்லாத காலத்தில் மொக்கச்சாமி என்று ஒருத்தர், பெண்டாட்டி சின்னத்தாயியோடு அய்யம்பாளையத்துப் பக்கமிருந்து ஏறி வந்து, இந்தச் சரிவில் முதல் மரத்தை வெட்டினார். யார் மகன், எந்தக் கோயில், எவருக்கும் தெரியாது. பங்காளி வீடுகளில் கேட்டால் அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

ரம்யாவிடம், "அவன வேலிப்பக்கம் விடாதத்தா. கையப் புடிச்சு வீட்டுக்குள்ளயே வச்சிரு" என்று சொல்லிவிட்டு மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினாள்.

அய்யம்பாளையத்தில் கேட்டுக் கேட்டு, மருதாநதி அணைக்குப் போகிற வழியில் ஒரு கருப்பசாமி கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். மொக்கச்சாமி பேரைச் சொன்னதும் பூசாரி மலைச்சாமி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"மலைக்காரங்க கீழ எறங்குனா ஒண்ணு ஆசுபத்திரி, இல்லாட்டி கோர்ட்டு. நீதான் தாயி சாமியத் தேடி வந்திருக்க. மொக்கச்சாமிதான? அந்தா இருக்காரு பாரு."

மதிலோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கல். செவ்வந்தி மாலை வாடாமல் கிடந்தது.

"அவருக்கு எதுக்குங்க இங்க கல்லு?"

"செத்த எடத்துல வைக்காம எங்க வைக்கிறது?"

சிவபாக்கியத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இல்லீங்க சாமி, அவரு மேலதான காடு வெட்டி, புள்ளகுட்டி பெத்து..."

"எவன் சொன்னான்? ஏறுன மொத மழைக்கே காய்ச்சல் கண்டுருச்சு. பிடிமண் எடுக்காமப் போயிட்டேன், அதான் காடு அண்ட விடல, எடுத்துட்டுப் போறேன்னு எறங்கி வந்தாரு. இந்த வாசல்லயே விழுந்தாரு. மண்ணத் தொடக்கூட இல்ல. எங்காளுகதான் குழி வெட்டுனாங்க." பூசாரி எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "புள்ள ஏது அவருக்கு? ஒத்தையில விட்டுட்டு வந்த பொம்பள காட்டுலயே செத்திருக்கும்னு பேச்சு."

"சாகல. வரிசையாப் புள்ள பெத்தா."

"யாருக்கு?"

அணைப்பக்கம் ஒரு டிராக்டர் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"புருசன் திரும்பி வந்தாருன்னுதான் சொல்லுவாக," என்றாள் மெதுவாக. "பனி மஞ்சுக்குள்ள இருந்து வெறுங்கையா வந்தாராம். மண்ணு எங்கன்னு சின்னத்தாயி கேட்டதுக்குப் பேசவே இல்லியாம். சோலைக்குள்ள திரும்பிப் போயி ஒரு பிடி அள்ளியாந்து குடுத்தாராம். அதுமேலதான் கல்லு நட்டிருக்கு."

"அதோட சரியா?"

"இல்லீங்க. எங்க வீட்டு வழக்கம் அது. கல்யாணம் முடிஞ்ச மறுநா மாப்பிள்ள தனியாச் சோலைக்குள்ள போயி ஒரு பிடி எடுத்தாந்து கல்லடியில போடணும்."

போன வருஷ ஆவணியில், கல்யாணத்துக்கு மறுநாள் அகிலனை அனுப்பியது அவள்தான். அட்டை கடிக்கும் என்று அவன் தயங்கியபோது, "உங்கப்பன் போகலையா, பொட்டப்பயலே" என்று ஏசி அனுப்பினாள்.

மலைச்சாமியின் தாடை அசையாமல் நின்றுவிட்டது.

"எந்த எடத்து மண்ணு கெடக்கோ அந்த எடத்துக்காரனுக்குத்தான தாயி வீடு. ஒவ்வொரு ஆம்பளையும் தானா நடந்து போயி, நான் உன் ஆளுன்னு..." முடிக்காமல் உள்ளே போனார். ஒரு பிடி செம்மண்ணை அள்ளி வந்து, அவள் விரித்த துணியில் உயரத்திலிருந்தே போட்டார். அவள் விரல் படாமல் பார்த்துக்கொண்டார். "வெரசாப் போ."

சித்தரேவு தாண்டி பஸ் வளைவுகளில் ஏற ஏற மஞ்சு கண்ணாடியில் வந்து ஒட்டியது. பக்கத்தில் ஆரஞ்சுக்கூடைக்காரி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். சிவபாக்கியம் மடியிலிருந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு அகிலனின் முகத்தில் மொக்கச்சாமியைத் தேடினாள். மூக்கு, காது, நடை. மொக்கச்சாமி எப்படி இருந்தார் என்று தெரிந்தவர் யார்?

அவள் வந்து சேரும்போது பொழுது சாயவில்லை, ஆனாலும் சோலை நிழலும் மஞ்சும் சேர்ந்து தோட்டம் இருட்டிக் கிடந்தது. வீட்டுக்குள் ரம்யா சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாய் காலி. கம்பிவேலியின் ஓரத்தில் அகிலனின் செருப்பு, ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காக விட்டிருந்தது.

"ஏலே அகிலா!"

குரல் சோலைக்குள் போனது. திரும்பி வரவில்லை.

களைக்கொத்தை எடுத்துக் கல்லடியில் வெட்டினாள். கருத்த மண். மாவு மாதிரிப் பொருபொருவென்று, சூடாக. கொத்து எதிலோ சிக்கியது. தலைமயிர் தடிமனில் வேர்கள், பின்னிப் பின்னி. சுற்றி ஒரு மரம் கிடையாது. வேர்கள் எல்லாம் சோலைப் பக்கமிருந்து வந்திருந்தன. அரிவாளால் அறுத்தாள். அறுத்த இடத்தில் ஈரம் கசிந்தது. கையால் வாரினாள், வாரி வெளியே எறிந்தாள். குழி காலியானதும் மஞ்சத்துணியை அவிழ்த்துச் செம்மண்ணைக் கொட்டி மிதித்தாள்.

சில்வண்டுச் சத்தம் நின்றது. மொத்தமாக.

"அம்மா."

வேலிக்கு அந்தப் பக்கம் அகிலன். வந்துவிட்டான். "வாடா. வாடா என் ராசா."

அவன் காலைத் தூக்கினான். அது தரைக்கு வரவில்லை. தணலை மிதிக்கப் போனவன்போல் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மறுபடி தூக்கினான்.

"உள்ள வர முடியலம்மா." சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அழும் அதே குரல். "என்னம்மா செஞ்ச?"

அவன் பின்னால் மஞ்சு நகர்ந்தது. ஆட்கள். காலை வேளையில் எஸ்டேட்டில் பெயர் கூப்பிடக் காத்து நிற்கும் ஆட்கள் மாதிரி, அவசரமில்லாமல், வரிசையாக. சக்திவேல் நின்றான். போன அன்று போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை. ஒரு முடி நரைக்கவில்லை. இப்போது அவளுக்கு மகன் வயதுதான் இருக்கும். அவனுக்கு அடுத்து அவன் ஜாடையில் ஒருத்தன். அதே ஜாடையில் இன்னொருத்தன்.

எல்லோருக்கும் முன்னால் நின்றதற்கு மட்டும் முகம் சரியாக வரவில்லை. மலையேறி வந்த ஒருத்தனை ஒரே ஒருமுறை, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் செய்தது மாதிரி இருந்தது.

அகிலன் அவர்களுடைய ஆள்தான். ரத்தமே அதுதான். அவள் கூப்பிட்டதும் திரும்பி வந்தவனை இந்தச் செம்மண் வெளியே தள்ளிவிட்டது.

குழியில் விழுந்து தோண்டினாள். நகம் பெயர்ந்தது. செம்மண்ணும் கருமண்ணும் மிதிபட்டுக் குழைந்து ஒன்றாகிக் கிடந்தன. எதை எடுப்பது? எதை விடுவது? அள்ளி அள்ளி எறிந்தாள். அடியிலும் அதேதான்.

பின்னால் கதவு திறந்தது.

"ஏத்தா, வெளிய வராத!"

ரம்யா வாசலைத் தாண்டினாள். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, தூக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. கால்கள் இழுபட்டன. சிவபாக்கியம் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். சேற்றில் இரண்டு பேரின் பாதங்களும் சறுக்கின, நிற்கவில்லை.

சேலைக்குள் வயிறு சோலையைப் பார்த்துக் கூம்பி நீண்டிருந்தது. அதுதான் அவர்களை இழுத்துக்கொண்டு நடந்தது.

வேலிக்கு அப்பால், முகம் சரியாக வராதது குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டியது.